பெர்மிட் இருக்கா?

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் தொண்ணூறுகளில் வேலைக்குச் சேர்ந்தவன் இயந்திரத்தைக் கற்றுக்கொள்வதற்கு முன்னால் தாள்களைக் கற்றுக்கொள்ள வேண்டும். வெல்டிங் வைக்க ஹாட் ஒர்க் பெர்மிட். ஆளுயரத்துக்கு மேல் ஏற ஹைட் ஒர்க் பெர்மிட். தொட்டிக்குள் இறங்க ஒன்று, பேனலைத் திறக்க ஒன்று. எரிந்துபோன மோட்டார் ரீவைண்டிங்குக்குப் போக ரிட்டர்னபிள் கேட் பாஸ். தேய்ந்த பேரிங் பழைய இரும்புக்காரரிடம் போக நான்-ரிட்டர்னபிள் கேட் பாஸ். இரண்டுக்கும் நிறம் வேறு. நிறம் மாறிவிட்டால் செக்யூரிட்டி வண்டியைத் திருப்பிவிடுவார். அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது. அவருக்குச் சொல்லிக்கொடுத்திருந்தது நிறம் மட்டும்தான்.

தொழிலாளிக்கு மட்டும்தான் இந்தப் பாடு என்று நினைத்துவிடாதீர்கள். முதலாளிக்கும் உண்டு. சிப்காட் மனை அவருக்குச் சொந்தமில்லை, 99 வருடக் குத்தகை. ஷெட்டை நீட்ட வேண்டுமென்றால் தொழிற்சாலை ஆய்வாளர் அலுவலகத்துக்கு வரைபடம் போக வேண்டும். புதிதாக உலை வைத்தால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் நிறுவுவதற்கு ஒரு இசைவாணை, ஓட்டுவதற்கு இன்னொன்று. அதிலும் 1974ஆம் ஆண்டு நீர்ச் சட்டத்துக்குத் தனி, 1981ஆம் ஆண்டு காற்றுச் சட்டத்துக்குத் தனி. 1997இல் செங்கல்பட்டு எம்.ஜி.ஆர். மாவட்டத்தைப் பிரித்து எங்களைத் திருவள்ளூர் மாவட்டத்தில் சேர்த்தார்கள். கலெக்டர் ஆபீஸ் திருவள்ளூரில். கும்மிடிப்பூண்டியிலிருந்து அங்கே ரயிலில் போவதென்றால் சென்னைக்குள் நுழைந்து, பேசின் பிரிட்ஜில் இறங்கி, வேறு தடத்து வண்டியைப் பிடித்து மேற்கே போக வேண்டும். அனுமதி கேட்கப் போகிற வழியே அனுமதி மாதிரி சுற்றிச் சுற்றித்தான் போகும்.

இத்தனை கெடுபிடிக்கும் உள்ளே நடந்தது வேறு. எங்கள் ஷிப்ட் இன்சார்ஜ் நெல்லூர்ப் பக்கத்து மனிதர், தங்கமானவர். நைட் ஷிப்டில் யாரும் தன்னை எழுப்பக் கூடாது என்பதற்காக, ஷிப்ட் தொடங்கும்போதே ஒரு கட்டு வெற்று பெர்மிட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவார். "நீங்களே ஃபில் பண்ணிக்கோங்கப்பா. டைம் மட்டும் கரெக்டா போடுங்க, ஆடிட்ல அதைத்தான் பாக்குறான்." மறுநாள் ஆடிட்டில் அதைத்தான் பார்த்தார்கள்.

இன்னொரு பக்கம், பிரஸ் மெஷினை இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினியான பிஎல்சியில் ஒரு டைமரை ஒரு நொடி குறைக்க நாங்கள் எழுதிக் கொடுத்த சேஞ்ச் நோட் ஐந்து கையெழுத்துக்காகச் சென்னைத் தலைமை அலுவலகம் வரை போனது. கையெழுத்தெல்லாம் ஆகித் திரும்பி வருவதற்குள் அந்தப் பாகத்தை உற்பத்தி செய்வதையே நிறுத்தியிருந்தார்கள். நோட்டைக் கோப்பில் வைத்தோம். ஐஎஸ்ஓ ஆடிட்டர் அதைப் பார்த்துப் பாராட்டினார்.

லினக்ஸ் என்ற கட்டற்ற இயங்குதளம் என் கைக்கு வந்தது அந்தக் காலத்தில்தான். சென்ட்ரல் நிலையப் புத்தகக் கடையில் பிசி குவெஸ்ட் இதழோடு குறுந்தட்டாகக் கிடைத்தது. பொன்னேரிக்குத் திரும்பும் மின்ரயில், அத்திப்பட்டில் நிலக்கரி வண்டிக்கு வழிவிட்டு நின்ற நேரத்தில் குனூ பொது உரிமத்தைப் படித்தேன். 1991இல் வந்த இரண்டாம் பதிப்பு. மென்பொருளை ஓட்டலாம், பிரித்துப் பார்க்கலாம், மாற்றலாம், மாற்றியதை அடுத்தவருக்குக் கொடுக்கலாம். கொடுக்கும்போது மூலநிரலையும் சேர்த்து இதே உரிமத்தில் கொடுக்க வேண்டும். மாற்றிய கோப்பில், மாற்றினேன் என்று தேதியோடு எழுதிவைக்க வேண்டும். உன்னோடு வைத்துக்கொள்வதானால் மாற்றியதை ஒருவரிடமும் சொல்லக்கூட வேண்டாம். உரிமத்தை எழுதிய ரிச்சர்ட் ஸ்டால்மன் இதைச் சுதந்திரம் என்றார். கேட் பாஸில் ஊறிப்போன எனக்கு அந்தப் பெரிய சொல் மனதில் தைக்கவில்லை. இன்சார்ஜ் இல்லாத ஒரு ஷிப்ட் என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

சென்னை லினக்ஸ் பயனர் குழு அப்போது மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமையில் ஐஐடி வளாகத்தில் கூடும். ஷிப்ட் ஒத்துவந்தால் போவேன். பழக்கதோஷத்தில் அங்கேயும், "இந்த ஃபைலை மாத்தலாமா? யார்கிட்ட கேக்கணும்?" என்று கேட்டேன். கல்லூரி மாணவர் ஒருவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "சோர்ஸ் உங்ககிட்டதான சார் இருக்கு? மாத்துங்க." கேட்பவனைப் புதியவன் என்று கண்டுபிடிக்கிற இடம் அது. கேட்காமல் செய்து, உடைத்து, சரிபண்ணி, ஒட்டுநிரலோடு (பேட்ச்) வந்து நிற்பவருக்குத்தான் மரியாதை.

ஆனால் உரிமம் ஒன்று சொல்ல, ஊர் வேறொன்று செய்தது. எரிக் ரேமண்ட் 1998இல் எழுதிய 'ஹோம்ஸ்டெடிங் த நூஸ்பியர்' என்ற கட்டுரை இந்த முரணைத்தான் பிடித்தது. உரிமப்படி யார் வேண்டுமானாலும் எந்தத் திட்டத்தையும் பிரித்துக்கொண்டு போகலாம். நடைமுறையில் ஒருவரும் லேசில் அப்படிச் செய்வதில்லை. பராமரிப்பவரைக் கேட்காமல் ஒட்டுநிரலைச் சுற்றுக்கு விட்டால் முகம் சுளிப்பார்கள். வரலாற்றுக் கோப்பிலிருந்து ஒருவர் பெயரை அவர் சம்மதம் இல்லாமல் எடுப்பது பெரும் பாவம். இதையெல்லாம் நிலவுடைமை வழக்கத்தோடு ரேமண்ட் ஒப்பிட்டார். நம்மூர்க் கணக்கில் சொன்னால் பட்டா மூன்று வழியில் வரும்: காட்டைத் திருத்தியவனுக்கு, அவனிடமிருந்து முறையாகக் கைமாற்றிக்கொண்டவனுக்கு, கேட்பாரற்றுக் கிடந்ததை எடுத்து உழுதவனுக்கு. மூன்றாவது ஆள் மட்டும், பழைய சொந்தக்காரரைத் தேடினேன் என்று ஊரறியச் சொல்லிக் கொஞ்ச காலம் காத்திருக்க வேண்டும். ஆக, இன்சார்ஜ் இல்லாத ஷிப்ட் என்று நான் நினைத்த இடத்திலும் ஒரு இன்சார்ஜ் இருந்தார். அவர் மேசையில் பெர்மிட் புத்தகம்தான் இல்லை.

2004இல் அதுவும் வந்தது. லினக்ஸில் யூனிக்ஸ் நிரல் திருடப்பட்டிருக்கிறது என்று எஸ்சிஓ நிறுவனம் முந்தைய ஆண்டு வழக்குக்குப் போனது. அதன் பிறகு, லினக்ஸின் மையமான கருநிரலுக்கு வரும் ஒவ்வொரு ஒட்டுநிரலின் அடியிலும், இதைக் கொடுக்க எனக்கு உரிமை இருக்கிறது என்று பெயரும் மின்னஞ்சலும் போட்டு ஒப்பமிடும் வழக்கம் தொடங்கியது. சைன்டு-ஆஃப்-பை. அதைப் பார்த்தபோது எனக்கு ஊருக்குத் திரும்பியது போல் இருந்தது.

தமிழில் இந்த விஷயம் நன்றாக விளங்கியது விக்கிப்பீடியாவில்தான். 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் எழுத யாரையும் கேட்க வேண்டாம். தப்பாக எழுதினால் இன்னொருவர் வந்து பழையதை மீட்டுவிடுவார். வரலாற்றுப் பக்கத்தில் எல்லாம் இருக்கும். பொன்னேரி, ஆரணி ஆறு, பழவேற்காடு என்று நைட் ஷிப்ட் முடித்த கண்களோடு நானும் கொஞ்சம் திருத்தியதுண்டு. ஒருவரும் பெர்மிட் கேட்கவில்லை. பொதுவாகப் பேசித் தீர்க்க வேண்டியதற்கு ஒரு பக்கம் உண்டு, பெயர் ஆலமரத்தடி. ஒரு தானியங்கியை ஓட்ட வேண்டுமென்றால் மட்டும் முன்கூட்டிச் சொல்லி அனுமதி பெற வேண்டும். கையால் திருத்துகிறவன் ஒரு நாளில் எவ்வளவு கெடுத்துவிட முடியும்? தானியங்கி ஒரு தேநீர் குடிக்கும் நேரத்தில் கெடுத்துவிடும்.

அந்த விதி எதற்கென்று 2009இல் தெரிந்தது. புதிது புதிதாகப் பயனர்கள் வந்தார்கள். மளமளவென்று நீள நீளமான கட்டுரைகள் ஏறின. ஆங்கில விக்கிப்பீடியாவிலிருந்து பெயர்த்தவை. தமிழ் வாசகருக்கு அவசரமில்லாத அமெரிக்கப் பாடகர்களும் அதில் இருந்தார்கள். வாக்கியங்கள் முறுக்கிக்கொண்டு நின்றன, உடைந்த வார்ப்புருக்கள், பக்கம் முழுக்கச் சிவப்பு இணைப்புகள். பேச்சுப் பக்கத்தில் கேட்டால் பதில் இல்லை. பிறகுதான் தெரிந்தது: கூகுள் தன் மொழிபெயர்ப்புக் கருவியை வைத்து, கூலி கொடுத்து ஆள் அமர்த்தி நடத்திய திட்டம் அது. தெலுங்கு, கன்னடம், இந்தி, வங்காளம் எனப் பல மொழிகளிலும் ஓடிக்கொண்டிருந்தது.

உரிமப்படி கூகுள் செய்ததில் எள்ளளவும் தவறில்லை. விக்கிப்பீடியாவின் உள்ளடக்கத்தை எவரும் மொழிபெயர்க்கலாம், எவரும் ஏற்றலாம். கூகுளும் எவரில் ஒருவர்தான். அதனால்தான் தமிழ் விக்கிப்பீடியர்கள் கொஞ்ச நாள் திகைத்தார்கள். விரட்டினால் நம் கொள்கைக்கே விரோதம். விட்டால், சம்பளத்துக்கு எழுதிவிட்டுப் போகிறவர்களின் பின்னால் சம்பளமில்லாதவர்கள் விளக்குமாற்றோடு ஓட வேண்டும். வங்காள விக்கிப்பீடியா அந்தக் கட்டுரைகளை ஏற்க மறுத்தது. தமிழர்கள் வேறு வழி எடுத்தார்கள். கூகுளோடு பேசினார்கள். முதலில் ஏற்றியதைச் சரிசெய்யுங்கள், பிறகு புதிதாக ஏற்றலாம். எந்தக் கட்டுரை வேண்டும் என்ற பட்டியலை நாங்கள் தருகிறோம் என்றார்கள். 2010 ஜூலையில் போலந்தின் கதான்ஸ்க் நகரில் நடந்த விக்கிமேனியா மாநாட்டில் தமிழ் விக்கிப்பீடியர் ரவிசங்கர் இந்த அனுபவத்தை அறிக்கையாகவே வைத்தார். உலகத்துக்கே தேடிக் கொடுக்கிற நிறுவனத்துக்கு ஆலமரத்தடி எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்க்கத் தோன்றவில்லை. சொடுக்கினால் வந்திருக்கும்.

இந்த விவகாரம் ஓடிக்கொண்டிருந்த காலத்தில் எங்கள் ஆலையில் பாதுகாப்பு வாரம். மார்ச் மாதத்தில் வரும். கோலப்போட்டி, கோஷப் போட்டி, உறுதிமொழி. நடுவில் ஒரு மணி நேரம் பாதுகாப்பு அதிகாரி 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தை வாசிப்பார். பாதி ஹால் தூங்கும். ஆறாவது பிரிவு, தொழிற்சாலை கட்டவும் விரிவாக்கவும் முன் அனுமதி வேண்டும் என்பதைப் பற்றியது. அதன் அடியில் ஒரு விளக்கம் இருந்தது. ஒரு இயந்திரத்தை எடுத்துவிட்டு வேறொன்று வைத்தாலோ, விதிகள் சொல்லும் வரம்புக்குள் ஒன்றைக் கூடுதலாக வைத்தாலோ அது விரிவாக்கம் ஆகாது, அனுமதி வேண்டாம். ஆனால் இரண்டு நிபந்தனை. இயந்திரத்தைச் சுற்றிப் பாதுகாப்பாக நின்று வேலை செய்யத் தேவையான வெற்றிடம் குறையக் கூடாது. உடம்புக்குக் கேடான ஆவி, வெப்பம், தூசி, புகை ஆகியவற்றால் சூழல் கெடக் கூடாது.

நான் விழித்திருந்த பாதியில் இருந்தேன். இயந்திரத்தின் விலை என்ன, அளவு என்ன, யாருடைய யோசனை என்றெல்லாம் அந்த விளக்கம் கேட்கவே இல்லை. பக்கத்தில் நிற்கிற ஆளுக்கு இடம் இருக்கிறதா, மூச்சு முட்டுகிறதா என்று மட்டும் கேட்டது. கட்டற்ற மென்பொருளில் எப்போது கேட்டுச் செய்வது, எப்போது கேட்காமல் செய்வது என்று நான் படித்த உபதேசங்களில் இத்தனை தெளிவானதைப் பார்த்ததில்லை. எழுத்துப்பிழையைத் திருத்து, கேட்காதே. வேலை செய்யாத இணைப்பை மாற்று, கேட்காதே. உன் கணினியில் உன் படிக்கு என்ன வேண்டுமானாலும் செய். உன் மாற்றத்தால் இன்னொருவர் நிற்கிற இடம் சுருங்கும் என்றால், நீ போன பிறகு அந்தப் புகையை அவர்தான் சுவாசிக்க வேண்டும் என்றால், முதலில் அவரிடம் போய்ச் சொல். கூகுள் ஏற்றிய ஒவ்வொரு கட்டுரையும் தனித்தனியே பார்த்தால் சட்டப்படி சரிதான். மொத்தமாக ஏறியபோது தன்னார்வலர்களுக்கு நிற்க இடமில்லை.

சரி, கேட்டுவிட்டால் போதுமா? போதாது என்பதற்கு டெபியன் கதையைச் சொல்ல வேண்டும். எங்கள் இன்சார்ஜை எனக்கு அடிக்கடி நினைவூட்டும் கதை இது.

2006 மே மாதம். டெபியன் லினக்ஸில், ரகசியச் சாவிகளை உருவாக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் தொகுப்பைக் கவனித்துக்கொண்டவர், நினைவகப் பிழைகளைக் கண்டுபிடிக்கும் வால்கிரைண்ட் என்ற கருவி இரண்டு வரிகளைக் காட்டிப் புலம்பிக்கொண்டே இருப்பதைப் பார்த்தார். துவக்கப்படாத நினைவகத்தை அந்த வரிகள் தொட்டன. அவர் ஒழுங்கானவர், கேட்காமல் வெட்டவில்லை. ஓப்பன்எஸ்எஸ்எல்காரர்கள் கூடும் இடத்தில், இந்த இரண்டு வரியையும் எடுத்துவிடலாமா என்று கேட்டார். பிழைதேடும் வேலைக்கு உதவுமென்றால் எடுக்கலாம் என்ற தொனியில் பதில் வந்தது. எடுத்தார். அந்த இரண்டில் ஒரு வரிதான், ரகசியச் சாவிக்குத் தேவையான குலுக்கலை எல்லாம் உள்ளே கலக்கிற வரி. அது போனதும், சாவிகளில் எஞ்சிய ஒரே குலுக்கல், ஓடுகிற நிரலுக்குக் கணினி இடும் வரிசை எண். ஒவ்வொரு வகையிலும் கிடைக்கக்கூடிய சாவிகள் 32,768-க்குள் சுருங்கிவிட்டன. ஒரு சாதாரணக் கணினி எல்லாவற்றையும் உட்கார்ந்து எழுதிவைத்துவிடலாம். டெபியனை வைத்துக் கட்டப்பட்ட உபுண்டுவுக்கும் போனது. 2008 மே மாதத்தில் லூசியானோ பெல்லோ கண்டுபிடிக்கும் வரை, ஏறத்தாழ இரண்டு வருடம் உலகம் முழுக்க அந்தச் சாவிகளைப் பூட்டில் போட்டுத் திருப்பிக்கொண்டிருந்தார்கள்.

கண்டுபிடித்த பிறகு சண்டை. கேட்டுத்தானே செய்தோம் என்றது ஒரு தரப்பு. கேட்ட இடம் சரியான இடமில்லை என்றது மறுதரப்பு. வெட்டப்போகும் முழு ஒட்டுநிரலையும் காட்டி, இதை லட்சக்கணக்கானவர்களின் கணினியில் வைக்கப்போகிறேன் என்று கேட்டிருந்தால் யாராவது எழுந்து உட்கார்ந்திருப்பார்கள். பதில் சொன்னவரோ, யாரோ தன் மேசையில் சோதித்துப் பார்க்கிறார் என்று நினைத்திருக்கலாம். வெற்று பெர்மிட்டில் கையெழுத்து. டைம் மட்டும் கரெக்ட்.

இப்போதைய கதைக்கு வருவோம். என் அக்கா மகனுக்குப் பிளஸ் டூவில் அரசின் விலையில்லா மடிக்கணினி கிடைத்தது. விண்டோஸ் ஒரு பக்கம், சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் மறுபக்கம். வகுப்பில் பலர் பாஸைத் துடைத்தார்கள். இவன் இரண்டையும் துடைத்துவிட்டு உபுண்டு ஏற்றினான். எவரிடமும் கேட்கவில்லை. எனக்கு உள்ளூரப் பெருமை. இன்று ஓஎம்ஆரில் ஒரு பெரிய நிறுவனத்தில் இருக்கிறான். போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து உட்கார்ந்தான்.

"மாமா, ஒரு லைன் ஃபிக்ஸ். ஒரே ஒரு லைன்."

பலரும் பயன்படுத்துகிற ஒரு கட்டற்ற மென்பொருள். நீளமான பெயரைப் பட்டியலில் காட்டும்போது இத்தனை எழுத்து என்று எண்ணி வெட்டுகிறது. எண்ணுவது எழுத்தை அல்ல, குறியீட்டை. அதனால் தமிழ்ப் பெயர்கள் நடு எழுத்தில் அறுபடுகின்றன. கும்மிடிப்பூண்டி என்ற பெயர் 'கும்மிடிப்ப' என்று நிற்கிறது. கொம்பும் காலும் அறுந்து விழுகின்றன. திருத்தம் இவனுக்குத் தெரியும்.

"அனுப்ப வேண்டியதுதானே?"

"எங்க மாமா! முதல்ல எங்க கம்பெனி ஒத்துக்கணும்."

வேலைக்குச் சேரும்போது போட்ட ஒப்பந்தப்படி அவன் எழுதுகிற நிரல் எல்லாம், ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து எழுதினாலும், நிறுவனத்துக்கே சொந்தம். வெளியே கொடுக்க ஒரு குழு உண்டு. விண்ணப்பத்தில் ஒரு கேள்வி: இந்தப் பங்களிப்பால் நிறுவனத்துக்கு என்ன வணிகப் பயன்? கும்மிடிப்பூண்டி முழுசாகத் தெரியும் என்று எழுதலாமா என்று கேட்டான். மேலாளர், சட்டப் பிரிவு, பாதுகாப்புப் பிரிவு எல்லாம் தாண்டி அனுமதி வந்தது. அப்புறம் அந்த மென்பொருள்காரர்கள் பக்கத்துக் கதவு. பங்களிப்பாளர் உரிம ஒப்பந்தத்தில் கையெழுத்து. அனுப்பிய நொடியில் பாட் எனப்படும் தானியங்கி ஒன்று வந்து, இதற்கு முன் இஷ்யூ எழுப்பி ஒப்புதல் வாங்கினீர்களா என்று கேட்டது. இஷ்யூ எழுப்பினான். ஒரு மனிதரும் பேசவில்லை. கொஞ்ச காலம் கழித்து இன்னொரு பாட் வந்து, அசைவில்லாததால் இது பழையதாகிவிட்டது, மூடப்போகிறேன் என்றது.

"உங்க காலத்துல எவ்ளோ ஈஸியா இருந்திருக்கும்" என்றான். காலம் போனது யாராலே என்பதை அவனுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. சந்தேகப் பேர்வழிகளின் பட்டியலில் நம்மவர்களுக்கு நல்ல இடம் உண்டு. ஹாக்டோபர்ஃபெஸ்ட் என்று அக்டோபர் மாதத் திருவிழா. திட்டங்களுக்கு நான்கு திருத்தம் அனுப்பினால் அப்போது ஒரு டி-சர்ட் கொடுத்தார்கள். 2020இல் நம் நாட்டு யூடியூபர் ஒருவர் ரீட்மி கோப்பில் ஒரு வரி சேர்த்து அனுப்புவது எப்படி என்று காட்டிவிட்டார். அவ்வளவுதான். உலகத்துத் திட்டங்களின் முகப்புக் கோப்பிலெல்லாம் இது அற்புதமான திட்டம் என்று எழுதி வந்து குவிந்தது. பராமரிப்பாளர்கள் அலறியதில், சில நாட்களிலேயே விதி மாறியது: திருவிழாவுக்கு ஒப்புக்கொண்ட திட்டங்களுக்கு மட்டும்தான் இனிக் கணக்கு. 2024இல் எக்ஸ்பிரஸ் என்ற கட்டற்ற மென்பொருள் திட்டத்துக்கும் அதே கதி. பயிற்சிப் பாடத்தைப் பார்த்து மாணவர்கள் தம் பெயரை ரீட்மியில் சேர்த்து அனுப்பினார்கள். ஒரு வரிதானே என்று ஒவ்வொருவரும் நினைத்தார்கள். படிக்க வேண்டியவர் ஒருவர்தானே என்று யாரும் நினைக்கவில்லை.

படித்தவர்கள் மட்டும் சளைத்தவர்களா? அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கள்ள ஒட்டுநிரல் அனுப்பினால் லினக்ஸ்காரர்கள் கண்டுபிடிப்பார்களா என்று சொல்லாமல் கொள்ளாமல் சோதித்தார்கள். 2021 ஏப்ரலில் லினக்ஸ் கருநிரல் பராமரிப்பாளர்களில் ஒருவரான கிரெக் குரோவா-ஹார்ட்மன் அந்தப் பல்கலைக்கழகத்தையே தடை செய்தார். இதிலும் அனுமதித் தாள் இருந்தது என்பதுதான் விசேஷம். இது மனிதர்கள் மீதான ஆய்வல்ல என்று பல்கலைக்கழகத்தின் நெறிமுறைக் குழு சான்று கொடுத்திருந்தது. ஒட்டுநிரல்களை ராத்திரி கண்விழித்துப் படிக்கிறவர் மனிதர் கணக்கில் வரவில்லை.

எல்லாவற்றையும் விட எக்ஸ்இசட். அந்தச் சுருக்கக் கருவியை லாசே கோலின் என்பவர் தனியாளாகப் பார்த்துக்கொண்டு களைத்திருந்தார். ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் 2021 முதல் வந்தார். அடக்கமாகத் திருத்தம் அனுப்பினார், காத்திருந்தார், நன்றி சொன்னார். புதிய ஆளைச் சேர்க்கக் கூடாதா என்று வேறு சிலர் கோலினை நெருக்கினார்கள். முறைப்படி பொறுப்பு கைமாறியது. 2024 பிப்ரவரியில் வெளியான பதிப்பில் அந்த அடக்கமான ஆள் கள்ளக்கதவு வைத்தார். அடுத்த மாதக் கடைசியில், ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர், உள்நுழைய அரை நொடி அதிகமாகிறதே என்று தோண்டியதால் அகப்பட்டது. இந்தத் துறையில் எனக்குத் தெரிந்து எல்லாப் பெர்மிட்டையும் ஒழுங்காக வாங்கியவர் ஜியா டான்தான்.

இதை எல்லாம் கேட்டுவிட்டு அக்கா மகன், "அப்போ பாட் கேக்குறது நியாயம்தானா?" என்றான். பாதி நியாயம். செயற்கை நுண்ணறிவு எழுதிக் கொடுத்த திருத்தங்களும் பிழையறிக்கைகளும் இப்போது மூட்டை மூட்டையாக வருகின்றன. கதவில் யாரையாவது நிறுத்தித்தான் ஆக வேண்டும். மீதிப் பாதி, எங்கள் கேட் செக்யூரிட்டி. அவருக்கு நிறம் மட்டும் தெரியும். கள்ளனிடம் சரியான நிறத்தில் தாள் இருக்கும். அறுந்த கொம்பை ஒட்ட வந்தவன் வெளியே நிற்பான்.

பழைய ஆலையின் நிலவரத்தை இன்னும் அங்கே இருக்கிற நண்பர் சொன்னார். பெர்மிட் புத்தகம் ஒழிந்துவிட்டது, எல்லாம் செயலியில். இன்சார்ஜ் தன் கைபேசியில் பார்த்து ஒப்புதல் தர வேண்டும். அவர் கடவுச்சொல் இல்லாமல் அணுவும் அசையாது. கடவுச்சொல் மெயின்டனன்ஸ் வாட்ஸ்அப் குழுவில் பின் செய்யப்பட்டிருக்கிறது. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த கான்ட்ராக்ட் தொழிலாளிகள் ஆங்கிலத் திரையில் விரலை வைத்து, படித்தேன் என்று ஒப்புக்கொள்கிறார்கள். சுவரில் கைசன் பலகை. ஆளுக்கு மாதம் ஒரு மாற்றம் யோசனை சொல்லியே ஆக வேண்டும். சொல்லாவிட்டால் விளக்கம் கேட்பார்கள். மாற்றுவதற்கு அனுமதி கேட்டு நின்ற இடத்தில், மாற்றச் சொல்லி விரட்டுகிறார்கள். போன மாதம் பரிசு வாங்கிய யோசனை: கைசன் பலகையை இரண்டடி உயர்த்தி மாட்டலாம். ஹைட் ஒர்க் பெர்மிட் போட்டு மாட்டினார்களாம்.

அக்கா மகனின் ஒரு வரி இன்னும் நிலுவையில்தான் இருக்கிறது. பாட் மூட வரும்போதெல்லாம், இன்னும் சரியாகவில்லை என்று ஒரு குறிப்பு எழுதித் திறந்து வைக்கிறான். தன் கணினியில் எப்போதோ திருத்திக்கொண்டுவிட்டான். 1991ஆம் ஆண்டு உரிமப்படி அதை ஒருவருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

இதைப் படிக்கிறவர்களில் எங்கள் பக்கத்து ஆட்கள் இருந்தால் ஒரு வேண்டுகோள். தமிழ் விக்கிப்பீடியாவில் கும்மிடிப்பூண்டிக்குக் கட்டுரை இருக்கிறது. உங்களுக்குத் தெரிந்த ஏதாவது அதில் விடுபட்டிருந்தால், தவறாக இருந்தால், மேலே 'தொகு' என்று இருப்பதை அழுத்தி இன்றைக்கே எழுதிவிடுங்கள். ஆதாரத்தை மட்டும் மறக்காமல் கொடுங்கள். திருவள்ளூர் மாவட்டத்தின் எல்லா ஊர்களுக்கும் செயற்கை நுண்ணறிவை வைத்து ஒரே ராத்திரியில் கட்டுரை ஏற்றிவிடலாம் என்ற யோசனை வந்தால், அதற்கு முன் ஆலமரத்தடியில் இரண்டு வரி எழுதிப் போட்டுவிட்டுக் காத்திருங்கள். அங்கே பதில் சொல்வது பாட் இல்லை, ஆட்கள்.